கருப்பை வாய்ப் பரிசோதனையில் மறுபடியும் மாறுதல்: மலையூர்ப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை சுற்றுவட்டாரத்தில் 26 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பெண்கள் பரிசோதனைக் காகிதத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். "நர்சம்மா, இரண்டாவது தடவையும் சரியில்லை என்று எழுதிவிட்டார்கள்" என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிடும். என் 44 வயதிலிருந்து 47 வயதுக்குள் எனக்கே மூன்று முறை அப்படி வந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்த இரவுகள் எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இரண்டு முறை மாறுதல் என்று வந்துவிட்டது. எனக்குப் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. கருப்பை வாயில் செய்யப்படும் ஸ்கிரீனிங் பரிசோதனை, புற்றுநோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே செல்களில் தெரியும் மாற்றத்தைத் தேடுகிறது. அந்த மாற்றம் தென்பட்டால் காகிதத்தில் ‘மாறுதல்’ என்றோ ‘பாசிடிவ்’ என்றோ எழுதுவார்கள். பாசிடிவ் என்ற சொல்லைப் பார்த்ததும் நோய் உறுதியாகிவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதற்கு ‘இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவமனை அதில் பங்கெடுத்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையான திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். 31,343 பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்கள். 3,088 பேருக்கு, அதாவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, பாசிடிவ் வந்தது. ஆனால் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில், பரிசோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, ஆய்வுக் காலம் முழுவதும் புற்றுநோய் வந்தவர்கள் 167 பேர். பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது எனக்கு உண்டான பெருமை இன்றும் குறையவில்லை. உலகம் படித்த அந்தக் கணக்கில் இருந்தவர்கள் நம் அக்கா தங்கைகள்.

அதே ஆய்வில் ஒரு வருத்தமும் இருக்கிறது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே அந்த மற்றவர்களுக்காகத்தான்.

காகிதத்தில் ஏதேதோ எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன அர்த்தம்?

முதலில், உங்களுக்கு எந்தப் பரிசோதனை நடந்தது என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் நடப்பது நான் மேலே சொன்ன அசிட்டிக் அமிலப் பரிசோதனை. 3 முதல் 5 சதவீதக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். நம் பெண்கள் ‘வினிகர் டெஸ்ட்’ என்பார்கள். இரண்டாவது பாப் ஸ்மியர். செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. மூன்றாவது ஹெச்.பி.வி. பரிசோதனை. இது செல்களைப் பார்ப்பதில்லை, மாற்றத்தை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் தேடும்.

பாப் ஸ்மியர் அறிக்கையில் ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்று இருந்தால், செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, காரணம் திட்டவட்டமாகத் தெரியவில்லை என்று பொருள். மாறுதல்களில் மிக அதிகமாக வருவது இதுதான். எல்.எஸ்.ஐ.எல். என்றால் லேசான மாற்றம். பெரும்பாலும் வைரஸ் தொற்றின் அடையாளம். ஹெச்.எஸ்.ஐ.எல். என்றால் தீவிர மாற்றம். ஏ.எஸ்.சி.-ஹெச். என்றால் தீவிர மாற்றமாக இருக்குமோ என்ற சந்தேகம். ஏ.ஜி.சி. என்பது கருப்பை வாயின் உட்புறச் சுரப்பிச் செல்களிலோ, அதற்கும் மேலே கருப்பையின் உள்ளிருந்து வந்த செல்களிலோ தெரியும் மாற்றம். கடைசி மூன்றில் எது எழுதியிருந்தாலும், ‘முதல் முறைதானே’ என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும்.

சி.ஐ.என். 1, 2, 3 என்ற எண்கள் சதை எடுத்துப் பார்த்த பிறகு வருபவை, மாற்றம் எவ்வளவு தீவிரம் என்று காட்டுபவை. ஸ்கிரீனிங் தருவது சந்தேகம், சதைப் பரிசோதனை தருவது விடை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சி.ஐ.என். 3 என்றதும் புற்றுநோயின் மூன்றாம் கட்டம் என்று நினைத்து ஒரு பெண் வீட்டில் எல்லோரிடமும் விடைபெறுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தாள். சி.ஐ.என். 3-உம் புற்றுநோய்க்கு முந்தைய நிலையே. அவளுக்குச் சிறிய சிகிச்சை நடந்தது. இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறாள்.

ஒரு முறை வந்தால் சரி. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

முக்கியக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ் போகாமல் தங்கிவிடுவது. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் 14 வகைகள் வரை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் 70 சதவீதத்துக்குக் காரணம். தொற்று வந்த 10 பேரில் 9 பேருக்கு 2 ஆண்டுகளுக்குள் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. மீதிப் பேரிடம் தங்குகிறது. தங்கியிருக்கும் வரை செல்களும் மாறுதலைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டாம், மூன்றாம் முறை பாசிடிவ் வருவதை மருத்துவர்கள் பொருட்படுத்துவது சரியே. பயப்பட வேண்டிய செய்தியாக அதை எடுத்துக்கொள்ளாமல், கால்போஸ்கோப்பிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு ஏன் விரட்டவில்லை என்று பார்த்தால், சிலருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். ஹெச்.ஐ.வி. தொற்று, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடும் மருந்துகள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். உங்களைப் பார்க்கும் இடைவெளியே மாறிவிடும். புகைபிடிக்கும் பெண்களுக்கு வைரஸ் அதிக காலம் தங்குகிறது. மலையில் குளிருக்காகப் பீடி பிடிக்கும் வயதான பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஆண்கள் விடும் புகையும் சேர்கிறது. மாறுதல் வந்த பெண்கள் நிறுத்த வேண்டிய பழக்கங்களில் முதலாவது புகையிலை. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வைரஸுக்குத் தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து சவ்வு மெலிந்துவிடும். நுண்ணோக்கியில் அது மாறுதல்போலத் தெரியும். அப்போது சில வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவச் சொல்லிவிட்டு மறுபடி எடுப்பார்கள். பூஞ்சைத் தொற்றும் வெள்ளைப்படுதலும் கருப்பை வாய் வீக்கமும் முடிவைக் குழப்பும். எடுத்த மாதிரியில் செல்கள் போதவில்லை என்றாலும் திரும்ப வரச் சொல்வார்கள். இந்தக் கடைசிக் காரணத்தை மாறுதல் என்று எண்ணிக்கொண்டு வருத்தப்படுபவர்கள் அதிகம். ‘மாதிரி போதவில்லை’ என்பதற்கு நல்லது என்றும் பொருளில்லை, கெட்டது என்றும் பொருளில்லை.

ஊரில் வினிகர் டெஸ்டில் பாசிடிவ் என்றார்கள். மதுரையில் பாப் ஸ்மியரில் நார்மல் என்றார்கள். யாரை நம்புவது?

இருவரும் பொய் சொல்லவில்லை. வினிகர் டெஸ்டில் வெறும் வீக்கமும் வெண்மையாகத் தெரியலாம். அதனால் அதில் தேவைக்கு மேல் பாசிடிவ் வரும். பாப் ஸ்மியரோ இருப்பதையே சில நேரம் தவறவிடும். ஒரு முறை நார்மல் என்று வந்ததை வைத்து முந்தைய பாசிடிவை அழித்துவிட முடியாது. ஹெச்.பி.வி. பரிசோதனை கிடைத்தால் செய்துகொள்ளுங்கள். மூன்றில் நம்பகமானது அதுதான். ஹெச்.பி.வி. பாசிடிவாக இருந்து செல்கள் நார்மலாக இருந்தால், 16 அல்லது 18 வகையா என்று கேளுங்கள். அவையென்றால் நேராகக் கால்போஸ்கோப்பி. வேறு வகையென்றால் வழக்கமாக ஓராண்டு கழித்துப் பார்ப்பார்கள். அப்போதும் பாசிடிவ் என்றால் கால்போஸ்கோப்பி.

50 வயது தாண்டியவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. மாற்றம் தொடங்கும் வளையப் பகுதி அந்த வயதில் உள்ளே ஏறிவிடும். வினிகர் தடவினாலும் கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு வினிகர் டெஸ்டில் வரும் நெகடிவை மட்டும் நம்பிவிட முடியாது.

இது என் கணவரால் வந்ததா? அவருக்கு வேறு தொடர்பு இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். மற்றதெல்லாம் பேசி முடித்து, காபி குடித்து, வாசல்வரை போய்த் திரும்பி நின்று கேட்பார்கள்.

ஹெச்.பி.வி. உடலுறவால் பரவுவது உண்மை. அது மிகச் சாதாரணமானது என்பதும் அதே அளவு உண்மை. தாம்பத்திய வாழ்க்கைக்குள் வந்த ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொற்று வந்து போகிறது. யாருக்கும் காய்ச்சல் வராது, வலி வராது, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. சிலரிடம் கண்டறிய முடியாத அளவுக்கு ஒடுங்கிக் கிடந்து, பல ஆண்டுகள் கழித்து மறுபடி தென்படும். திருமணமாகி 25 ஆண்டுகள் கழித்து 48 வயதில் பாசிடிவ் வந்தால், அது சென்ற ஆண்டு வந்ததா, திருமணமான முதல் ஆண்டில் வந்ததா என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. கணவருக்குச் செய்து பார்க்க அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனையும் இல்லை. ஒருவர் மட்டுமே வாழ்க்கையில் உண்டு என்ற பெண்ணுக்கும் வரும்.

எனவே இந்தக் காகிதம் யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. கணவர்மீது சந்தேகப்பட்டு வீட்டில் சோறு பொங்காமல் போன குடும்பத்தையும் பார்த்தேன், மனைவியைச் சந்தேகப்பட்டு அடித்த ஆளையும் பார்த்தேன். அடித்தவனிடம் நானும் மருத்துவ அலுவலரும் இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுகள் பரிசோதனைக்கே வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வீட்டில் சொல்லக் கஷ்டமாக இருந்தால், கணவரையும் கூட அழைத்து வந்து மருத்துவர் வாயால் கேட்கவிடுங்கள். ‘இந்தக் கிருமி எல்லோருக்கும் வந்து போவது, இவர்களுக்குப் போக மறுக்கிறது, அவ்வளவுதான்’ என்று மருத்துவர் சொன்னால் ஆண்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

‘ஓராண்டு கழித்து வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் முற்றிவிடாதா?

லேசான மாறுதல் என்றால் முற்றாது. வைரஸ் தங்கி, செல்கள் மாறி, புற்றுநோயாக ஆவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நம் மலையில் 2006-இல் குறிஞ்சி பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடையிலுள்ள 12 ஆண்டுகளைவிட நீண்ட வழி அது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பெண்களுக்கு, குறிப்பாக ஹெச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்காதவர்களுக்கு, 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம்.

காத்திருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சி.ஐ.என். 1 நிலையில் இருக்கும் மாற்றங்களில் பாதிக்கும் மேல் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மறைந்துவிடும். சி.ஐ.என். 2-இலும் ஏறத்தாழ பாதி 2 ஆண்டுகளுக்குள் பின்வாங்கும். அவசரப்பட்டு எல்லோருக்கும் சதையை எடுத்தால் தேவையில்லாதவர்களுக்கும் காயம் உண்டாகும். சி.ஐ.என். 3 அப்படியில்லை. நியூசிலாந்தில் முறையான சிகிச்சை கிடைக்காமல் விடப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தபோது, 30 ஆண்டுகளில் 100-க்கு 30 பேர் அளவில் புற்றுநோய் வந்திருந்தது. அந்த நிலையில் யாரும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நீங்கள் காத்திருக்கக் கூடாது.

ஆக, சொன்ன நாளில் திரும்பி வருகிறவர்களுக்குக் காத்திருப்பதால் கெடுதல் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாப் ஸ்மியரில் ஏ.எஸ்.சி.-யு.எஸ். வந்தது. ஓராண்டு கழித்து இரண்டாவது எடுத்தேன். அந்த அறிக்கை என் கைக்கு வரவில்லை. மருத்துவமனையில் எங்கோ தவறிவிட்டது. ஏதாவது இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பார்கள், கூப்பிடாததால் நல்லதுதான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த நானே 11 மாதம் அப்படி இருந்தேன். போய்த் தேடிக் கேட்டபோதுதான் அதிலும் மாறுதல் என்று தெரிந்தது. மூன்றாவதில் எல்.எஸ்.ஐ.எல். கால்போஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்தபோது சி.ஐ.என். 2. தகவல் வரவில்லை என்றால் நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். தகவல் வரும்வரை கேளுங்கள்.

கால்போஸ்கோப்பி வலிக்குமா? சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

கால்போஸ்கோப் என்பது வெளியே நிற்கும் ஒரு பெரிதாக்கும் கருவி. உடம்புக்குள் போகாது. பாப் ஸ்மியருக்குப் படுப்பதுபோலவே படுக்க வேண்டும். அசிட்டிக் அமிலமும் அயோடினும் தடவிப் பார்ப்பார்கள். லேசாக எரியும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள். அந்த நொடியில் சுருக்கென்று இழுக்கும், மாதவிலக்கு வலிபோல ஓரிரு மணி நேரம் இருக்கும். இரண்டு மூன்று நாள் லேசான இரத்தக் கசிவு வரலாம். நாப்கின் எடுத்துச் செல்லுங்கள். அன்றே வீடு திரும்பலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் நின்றுகொண்டே பஸ்ஸில் வர வேண்டாம், உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள்.

முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுதல் மூன்றும் கூடாது. மாதவிலக்கு நாளில் போக வேண்டாம்.

‘கத்தி பட்டால் பரவும்’ என்ற பேச்சு மலையெங்கும் இருக்கிறது. முற்றிய பிறகு மருத்துவமனைக்குப் போனவர்கள் சதை எடுத்த சில மாதங்களில் இறந்ததைப் பார்த்து உண்டான எண்ணம் இது. அவர்களைக் கொன்றது தாமதமாக வந்த நோய். சதை எடுப்பதால் கருப்பை வாய் மாற்றம் பரவாது.

எனக்கு மூன்று பிள்ளைகள் போதும். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை தீருமே?

இதைத்தான் நான் பிடிவாதமாகத் தடுப்பேன். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்குக் கருப்பையை எடுப்பது முதல் சிகிச்சை அல்ல. வேறு காரணமும் சேர்ந்திருந்தால், அல்லது சிறிய சிகிச்சைக்குப் பிறகும் மாற்றம் திரும்ப வந்தால் மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள். கருப்பை வாயை ஒரு முறையாவது கால்போஸ்கோப்பில் பார்க்காமல், சதைப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல், ‘எடுத்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும் வேறொரு மருத்துவரிடம் கேளுங்கள். உள்ளே புற்றுநோய் தொடங்கியிருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கருப்பையை எடுத்துவிட்டால், பிறகு சிகிச்சை சிக்கலாகும். காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தையும் நகையையும் இதில் இழந்த பெண்கள் இருக்கிறார்கள். அதோடு வைரஸ் கருப்பையோடு போய்விடாது, பிறப்புறுப்பின் உட்சுவரிலும் இருக்கலாம். தீவிர மாற்றத்துக்காக எடுத்தவர்கள் அதற்குப் பிறகும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் சரியான சிகிச்சை எது?

மாற்றம் வெளிப்புறமாக, முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் உறையவைத்தோ சூடுபடுத்தியோ அழிப்பார்கள். உறையவைப்பதில் 3 நிமிடம் குளிர், 5 நிமிட இடைவெளி, மறுபடி 3 நிமிடம் குளிர். சூடுபடுத்துவது அதைவிடச் சீக்கிரம் முடியும். மாற்றம் உள்ளே ஏறியிருந்தாலோ தீவிரமாக இருந்தாலோ, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுப்பார்கள். லீப் என்பார்கள். எனக்குச் செய்தது அதுதான். மரத்துப்போக ஊசி போட்டார்கள். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இந்த ஒரு சிகிச்சையே போதுமானதாக இருக்கிறது.

பிறகு ஒரு மாதம் வரை நீர்போலப் படும். அந்த மாதம் உடலுறவு கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காபி மூட்டை தூக்குபவர்களும் விறகு சுமப்பவர்களும் இதை வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், நாற்றம், நாப்கின் நனையும் அளவுக்கு இரத்தம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

கர்ப்பமாக இருக்கும்போது மாறுதல் வந்தால்?

கால்போஸ்கோப்பி செய்யலாம், குழந்தைக்குப் பாதிப்பில்லை. புற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாவிட்டால் சிகிச்சையைப் பிரசவம் முடியும்வரை தள்ளிவைத்து, பிறகு மறுபடி பார்ப்பார்கள். இனிமேல் குழந்தை பெற நினைப்பவர்கள் லீப் செய்வதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைப்பிரசவ வாய்ப்பு அதனால் சற்றுக் கூடும். எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

மாத்திரை, கசாயம் எதுவும் இல்லையா?

இந்த வைரஸை அழிக்கும் மாத்திரை இல்லை. கசாயமும் இல்லை. வெள்ளைப்படுதலுக்கு மருத்துவர் தரும் மாத்திரை வேறு தொற்றுக்கானது. உள்ளே எந்தப் பச்சிலையையும் வைக்காதீர்கள், புண்ணாகும்.

தடுப்பூசி இப்போது போட்டுக்கொள்ளலாமா?

ஹெச்.பி.வி. தடுப்பூசி இனி வரக்கூடிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே தங்கியிருக்கும் வைரஸை விரட்டாது, உண்டான மாற்றத்தைக் குணப்படுத்தாது. உங்களைவிட உங்கள் மகளுக்குத்தான் அதன் முழுப் பலன். 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. புனேவின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். மகளுக்கு ஊசி போட்டாலும் 30 வயதில் அவளும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது?

உடலுறவுக்குப் பின் இரத்தம். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு சொட்டு வந்தாலும் சரி. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே கசிவு. துர்நாற்றமுள்ள, இரத்தம் கலந்த நீர். ஒரு கால் மட்டும் வீங்குவது, விடாத இடுப்பு வலி. கடைசியாக வந்த பரிசோதனை நார்மல் என்றாலும் இவற்றோடு காத்திருக்காதீர்கள். 2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். நான் அறிந்தவர்களில் இறந்துபோன எல்லோருமே இரத்தம் பட்டதை மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்தவர்கள்.

மலையிலிருந்து இறங்கிப் போவதற்கே ஒரு நாள் கூலி போகிறது. எத்தனை தடவைதான் போவது?

உண்மை. கொடைக்கானலிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மன்னவனூர், பூம்பாறைப் பெண்கள் கொடைக்கானலுக்கு வந்து சேரவே விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பழப் பறிப்பு நேரத்தில் மேஸ்திரி விடமாட்டார், பூண்டு எடுக்கும் நேரத்தில் வீட்டில் விடமாட்டார்கள். சோம்பலால் யாரும் நின்றுவிடவில்லை.

சில வேலைகளைச் செய்தால் பயணம் குறையும். கீழே இறங்குவதற்கு முன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கால்போஸ்கோப்பி எந்தக் கிழமையில் நடக்கிறது என்று செவிலியரைக் கொண்டு போனில் கேட்கச் சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனிக் கிழமை வைத்திருப்பார்கள். தெரியாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். பார்த்த அன்றே சிகிச்சையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள், தகுதியானவர்களுக்குச் செய்வார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகாமல் ஒரே ஊரிலிருந்து மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதி வழியில் பயம் வந்து திரும்பிவிடத் தோன்றும். கூட ஒரு மதினி இருந்தால் தோன்றாது.

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி எல்லாக் காகிதங்களையும் தேதி வரிசையில் வையுங்கள். ஒவ்வொரு மருத்துவரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல் இருக்க இது ஒன்றே வழி. அட்டையின் உட்புறத்தில் இரண்டே வரி எழுதுங்கள்: கடைசியாகப் பார்த்த தேதி, அடுத்துப் போக வேண்டிய தேதி. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். காலண்டரிலும் குறிக்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் அமாவாசையும் கிருத்திகையும் தவறுவதில்லை, இதுவும் தவறாது.

சிகிச்சை முடிந்து நார்மல் என்று வந்துவிட்டது. இனிமேல் போக வேண்டாம் அல்லவா?

போக வேண்டும். தீவிர மாற்றத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மற்றப் பெண்களைவிட ஆபத்து நீண்ட காலம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். முதல் சில ஆண்டுகள் ஆண்டுதோறும், பிறகு இடைவெளி விட்டு, மொத்தம் 25 ஆண்டுகளாவது பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு முறை மறுபடி மாறுதல் வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். வைரஸ் மீண்டும் தென்படலாம், தழும்பும் முடிவைக் குழப்பலாம். மறுபடி கால்போஸ்கோப்பி, தேவைப்பட்டால் மறுபடி ஒரு சிறிய சிகிச்சை.

எனக்கு லீப் செய்து 14 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு ஒரு முறை ஏ.எஸ்.சி.-யு.எஸ். வந்தது, பார்த்தார்கள், ஒன்றுமில்லை. என் கோப்பின் உள்ளட்டையில் அடுத்த தேதி மார்ச் 11 என்று இருக்கிறது. பண்ணைக்காட்டிலிருந்து இரண்டு பேர் என்னோடு வருகிறார்கள். காலை 6 மணி பஸ். வர நினைப்பவர்கள் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வீட்டில் வந்து சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கிறேன்.